யாரும் கூப்பிடாத இடம்

"இரண்டு நாளைக்கு ஒரு முறை" என்று எழுத வேண்டிய இடத்தில் "ஒரு நாளைக்கு இரண்டு முறை" என்று எழுதியிருந்தேன். ஏறக்குறைய அதே வார்த்தைகள்தான், இடம்தான் மாறிவிட்டது. சமையல் குறிப்பாக இருந்திருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். அது ஒரு மாத்திரை.

நான் மொழிபெயர்ப்பாளர். கதை, கவிதை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். புது மருந்தை மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கும்போது, அதில் சேருகிறவரிடம் ஒரு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள் அல்லவா, அந்தப் படிவங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவதுதான் என் பிழைப்பு. படிவம் அவருக்குப் புரியும் மொழியில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். 2019ஆம் ஆண்டின் மருத்துவச் சோதனை விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. நான் தமிழில் முடித்த பிறகு, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் என் தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்குவார். இரண்டு ஆங்கிலத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடுவார்கள். என் தவறு அங்கே மாட்டிக்கொண்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வாடிக்கையாளரிடமிருந்து மூன்று வரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. ரொம்ப மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

நான் பயன்படுத்தும் மென்பொருள் ஒவ்வொரு வாக்கியத்தையும் எத்தனை மணிக்குச் சேமித்தேன் என்று குறித்து வைத்திருக்கும். அந்த வாக்கியத்துக்கு நேரே காலை 11:20 என்று இருந்தது. கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். 11:19க்கு ஒரு கூரியர்காரர் அழைத்திருக்கிறார். பார்சல் எனக்குக்கூட இல்லை, மூன்றாம் மாடிக்கு. "ரெண்டாவது மாடி மேடம் எப்பவும் வீட்டுலதான் இருப்பாங்க, அவங்ககிட்ட குடுத்துடுங்க" என்று மூன்றாம் மாடி சொல்லியிருந்தது.

எப்பவும் வீட்டிலதான் இருப்பாங்க. எட்டு வருடமாக என் தொழிலுக்கு அக்கம்பக்கம் வைத்திருந்த பெயர் அதுதான்.

எங்கள் வீடு அல்சூரில், ஜோகுபாளையம் பக்கம். ஒரு படுக்கையறை, ஹால், சமையலறை. கணவர், பள்ளிக்குப் போகும் மகன், அத்தை, நான். என் அலுவலகம் ஹாலில் ஜன்னலோரம் இருக்கும் சாப்பாட்டு மேசை. பெங்களூரிலேயே தமிழ் அதிகம் கேட்கும் பகுதிகளில் ஒன்று இது. காலையில் கீரைக்காரர் "சொப்பு, சொப்பு" என்று கன்னடத்தில் தொடங்குவார், எங்கள் வாசலுக்கு வரும்போது "அரைக்கீரை இருக்கும்மா" என்று தமிழுக்கு மாறிவிடுவார். ஏரிப் பக்கம் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் முகாம். அந்தப் படைவீரர்களுக்கு ராணுவத்தில் "தம்பி" என்றே பட்டப்பெயர் உண்டு. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் தம்பிகளின் கவாத்துச் சத்தமும் வந்து சேரும்.

ஆக, சத்தம்தான் எதிரி என்று முடிவு கட்டினேன். கைப்பேசியில் டெசிபல் அளக்கும் செயலி ஒன்றை இறக்கினேன். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல் வரை இருக்கலாம் என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. என் மேசையில் 57, 58 காட்டியது. கைப்பேசிச் செயலியை நம்பி வழக்கா போட முடியும்? மோசம் என்று சொல்ல முடியாத அளவுதான். அப்புறம் ஒரு நோட்டில், வேலையிலிருந்து தலை தூக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் காரணத்தையும் எழுதிவைத்தேன். இரண்டு வாரம். மொத்தம் 173 கோடுகள். அதில் வெறும் சத்தத்தால் தலை தூக்கியது ஒன்பது தடவை. மற்றதெல்லாம் யாரோ என்னைக் கூப்பிட்டது. தண்ணீர் டேங்கர் வந்துவிட்டது, சம்ப் மூடியைத் திறந்துவிட ஆள் வேண்டும். கேஸ் சிலிண்டர். அத்தைக்கு டிவியில் சேனல் மாறிவிட்டது. இஸ்திரிக்காரர். மகனின் பள்ளி வாட்சப் குழு. மூன்றாம் மாடி.

அத்தையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. என் மகனை வளர்த்தவர் அவர்தான். ஆனால் அவர் கண்ணில் நான் செய்தது வேலையே இல்லை. "சும்மா பொட்டிய பார்த்துக்கிட்டுதானே உக்காந்திருக்கே, அந்தக் குக்கர் மூணு விசில் வந்ததும் நிறுத்திடு" என்பார். சும்மா இருக்கிறவள் விசில் எண்ணுவதில் என்ன கஷ்டம்? கதவைச் சாத்திக்கொண்டு உட்காரேன் என்று தோழிகள் சொன்னார்கள். நம் வீடுகளில் பகலில் ஒரு கதவு சாத்தியிருந்தால் உள்ளே யாருக்கோ உடம்பு சரியில்லை, இல்லாவிட்டால் சண்டை. ஒரு முறை சாத்திப் பார்த்தேன். அரை மணிக்குள் அத்தை கஷாயத்தோடு வந்து நின்றார்.

சத்தத்தை அடக்கும் ஹெட்போன் வாங்கினேன். அந்தத் தொழில்நுட்பம் ஒரே சீராக ஓடும் தாழ்ந்த இரைச்சலைத்தான் நன்றாக அழிக்கும். மனிதப் பேச்சை அந்த அளவுக்கு அழிக்காது. விளைவு என்ன தெரியுமா? மின்விசிறி போயிற்று, தெருவின் முழக்கம் போயிற்று, பின்னணி எல்லாம் துடைத்து வைத்ததுபோல் ஆகி, அத்தையின் குரல் மட்டும் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது.

இதெல்லாம் மனதில் முழுதாகப் படிந்தது 2024 பிப்ரவரியில், பக்கத்து மனையில் போர்வெல் போட வந்தபோது. அந்த வருடக் கோடையில் பெங்களூர் தண்ணீருக்குப் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெருவில் முன்கூட்டியே பயந்துவிட்டார்கள். ஒரு நாள் அதிகாலையில் ரிக் லாரியும் கம்ப்ரஸர் லாரியும் வந்து நின்றன. நம்பர் பலகையில் TN என்பதை அடுத்து 34. திருச்செங்கோடு! தென்னாடு முழுக்க பூமியைத் துளைத்துக்கொண்டு திரியும் ரிக் வண்டிகளில் பாதி அந்த ஊர்க்காரர்களுடையதாகத்தான் இருக்கும் என்று எங்கள் பக்கம் பெருமையாகச் சொல்வார்கள். என் ஊர் ராசிபுரம். அங்கிருந்து திருச்செங்கோடு கூப்பிடு தூரம்.

சுத்தியல் பாறையில் இறங்கியதும் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. செயலி 90ஐத் தாண்டியது. வெள்ளைப் புழுதி. அத்தை காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய்விட்டார். யாரும் யாரிடமும் பேச முடியாது, போனில் பேச முடியாது, காலிங் பெல் அடித்தாலும் கேட்காது. நான் வேறு வழியில்லாமல் மேசையில் உட்கார்ந்தேன். மதியம் ஒரு மணிக்கு நிமிர்ந்து பார்த்தால் 1,600 சொற்கள் முடிந்திருந்தன. நான் ஒரு நாள் முழுக்க வீட்டில் செய்வதே சராசரியாக 1,200தான். பிழை பார்த்தேன், சுத்தமாக இருந்தது.

ஒரு மணிக்கு ரிக்கை நிறுத்திச் சாப்பிட உட்கார்ந்தார்கள். கூலிக்கு வந்த பையன்கள் வடக்கத்திக்காரர்கள், அவர்கள் பேச்சு எனக்குப் புரியவில்லை, அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுநரும் மேனேஜரும் மட்டும் நம்ம ஊர்ப் பேச்சு. "ஏனுங்க, ஊர்ல மழைங்களாமா?" "எங்கைங்க, தூறலோட நின்னு போச்சுங்களாம்." அவ்வளவுதான். என் கை நின்றுவிட்டது. எந்த ஊரில் தூறல்? மல்லசமுத்திரம் பக்கமா, எங்கள் பக்கமா? பத்து நிமிடம் அதே வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு சொம்பு மோரோடு கீழே இறங்கினேன்.

"அக்கா எந்த ஊருங்க?"

"ராசிபுரமுங்க."

"அட, நம்மூருங்களா!"

அன்றைக்கு அதற்குமேல் ஒரு சொல்கூட ஓடவில்லை. 90 டெசிபல் என்னை அசைக்கவில்லை, ஒரு தூறல் என்னைக் கிளப்பிவிட்டது. (மறுநாள் 1,140 அடியில் தண்ணீர் வந்தது. வந்த தண்ணீர் போதாது என்று இப்போது வருத்தப்படுகிறார்கள்.)

இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 1976இல் கோல், வெல்ஷ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், எழுத்துகளை வரிசையாக நினைவில் வைத்துச் சொல்லும்படி சிலருக்கு வேலை கொடுத்துவிட்டு, பக்கத்தில் அவர்களுக்குத் தெரியாத ஜெர்மன் மொழிப் பேச்சை ஓடவிட்டார்கள். புரியாத பேச்சே நினைவைக் கெடுத்தது. சரி, அது மனப்பாடம். 1990இல் வந்த இன்னோர் ஆய்வு என் தொழிலுக்கு நெருக்கமானது. அங்கே கொடுத்த வேலை பிழைதிருத்துவது. பேச்சு எவ்வளவு உரக்க இருந்தது என்பது முக்கியமாகவே இல்லை. அதற்கு அர்த்தம் இருந்ததா என்பதுதான் முக்கியமாக இருந்தது. அர்த்தம் இருந்தால் பிழைகள் நழுவின. வார்த்தையை வைத்துச் செய்யும் வேலையை வார்த்தைதான் கெடுக்கிறது. என் கணக்கில் இன்னும் ஒரு படி உண்டு. எனக்கு இந்தி தெரியாது, அது ஓடையாக ஓடிவிடும். கன்னடம் பாதி கேட்கும், பாதி போகும். தமிழ் உள்ளே வந்து உட்காரும். அதிலும் கொங்குத் தமிழ் என்றால் பாய் விரித்துப் படுத்தே விடும்.

ஆகவே நான் தேட வேண்டியது அமைதியான இடம் இல்லை என்று புரிந்தது. என்னோடு எந்தச் சத்தத்துக்கும் உறவு இல்லாத இடம் வேண்டும். அமைதியை விட அது கிடைப்பது கடினம்.

தனியாக ஓர் அறை வாடகைக்குப் பார்த்தேன். மொட்டைமாடியில், தகரக் கூரை, மாதம் 9,000, பத்து மாத அட்வான்ஸ். சித்திரை மாதத்தில் அந்தத் தகரத்துக்குக் கீழே மடிக்கணினியும் நானும் சேர்ந்து வெந்துபோவோம். அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்கார அம்மா, "கல்யாணம் ஆனவங்க, பக்கத்துத் தெருவுலயே வீடு இருக்கு, அப்புறம் எதுக்கும்மா தனி ரூம்?" என்று கேட்டார். குரலில் வம்பு இல்லை, உண்மையான அக்கறைதான் இருந்தது. அதுதான் பிரச்சினை.

காபிக் கடைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெங்களூரின் நல்ல காபி தர்ஷினிகளில் கிடைக்கும், அங்கே நாற்காலியே கிடையாது. நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போக வேண்டும். நாற்காலி இருக்கும் கடையில் காபி 250 ரூபாய், அதைக் குடித்து முடித்த பிறகு ஒவ்வொரு கால் மணியும் நமக்கே உறுத்தும். அதோடு, நான் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கும் ரகசியக் காப்பு ஒப்பந்தங்களின்படி என் திரையைப் பின்மேசைக்காரர் பார்த்துவிடக் கூடாது. வெளியே வராத மருந்தின் பெயர் அதில் இருக்கும். சுவர் ஓரத்து மேசை ஒன்றுதான் எனக்கு ஒத்துவரும், அங்கே எப்போதும் ஒரு காதல் ஜோடி உட்கார்ந்திருக்கும்.

இந்திராநகரில் ஒரு கோவொர்க்கிங் இடத்தில் ஒரு மாதம் இருந்தேன். சீட்டுக்கு 7,500, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 8,850. ஏசி, நல்ல நாற்காலி, நல்ல காபி, தடையில்லாத மின்சாரம். குறை என்று சொன்னால் கண் அவிந்துபோகும். ஆனால் அங்கே வருகிறவர்களின் வேலையே பேசுவதுதான். என் பின்னால் உட்கார்ந்திருந்த பையன் கோயம்புத்தூர்க்காரன், சென்னைக் கடைக்காரர்களுக்கு ஏதோ பில்லிங் மென்பொருள் விற்றுக்கொண்டிருந்தான். "அண்ணே, ஒரே ஒரு மாசம் போட்டுப் பாருங்கண்ணே" என்று நாள் முழுக்க ஒலிக்கும். கெட்டிக்காரப் பையன். மாதக் கடைசியில் எனக்கே அந்த மென்பொருளின் விலைப்பட்டியல் மனப்பாடம். மேலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கூடி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்று ஒரு வழக்கம். யாருக்கும் தெரியாமல் இருக்கத்தானே நான் அங்கே போனேன்?

எங்கள் பகுதியிலேயே பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 1950இல் தொடங்கியது. அதன் நூலகத்தில் நான் வேலை செய்யவே இல்லை, உட்கார்ந்தால் தமிழ்ப் புத்தகம்தான் படிப்பேன். அங்கே வரும் பெரியவர்களும், "என்னம்மா, தட்டச்சு வேலையா?" என்று அன்பாக விசாரிப்பார்கள். தவறு முழுக்க என்னுடையது. திரும்பி வரும்போது ஏரிக்கரையில் வள்ளுவர் சிலையைக் கடக்க வேண்டும். 1991இல் நிறுவி, பதினெட்டு வருடம் மூடி வைத்து, 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். பதினெட்டு வருடம் யாரும் தொந்தரவு செய்யாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான் என்று பொறாமையாக இருக்கும்.

கப்பன் பார்க்கில் இருக்கும் மாநில மத்திய நூலகத்துக்கும் சில நாள்கள் போனேன். 1883 முதல் 1901 வரை மைசூர் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் நினைவாக எழுந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தை யாருக்குத்தான் பிடிக்காது. ஆனால் என் மடிக்கணினியின் பேட்டரி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. அங்கே நான் கண்டது வேறு ஒன்று. சுற்றிலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். கர்நாடக அரசுப் பணி, சப் இன்ஸ்பெக்டர், வங்கி என்று குறிப்பேடு மேல் குறிப்பேடாக அடுக்கி வைத்துக்கொண்டு ஒருவரும் தலை தூக்கவில்லை. நான் இருமினேன். யாரும் திரும்பவில்லை. ஆகா, இவர்களோடுதான் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

கீழ் வீட்டு அக்காவின் மகள் அப்படி ஒரு தேர்வுக்குப் படிக்கிறாள். அவளிடம் சொன்னேன். "ஆண்ட்டி, நான் போற இடத்துக்கு வாங்களேன். விஜயநகர்ல இருக்கு. வாயைத் திறந்தா வெளிய அனுப்பிடுவாங்க" என்றாள். இதைவிட நல்ல விளம்பரம் ஓர் இடத்துக்கு இருக்க முடியுமா?

விஜயநகர், அத்திகுப்பே, சந்திரா லேஅவுட் பக்கமெல்லாம் தேர்வுப் பயிற்சி நிலையங்கள். அவற்றை ஒட்டி வளர்ந்தவை இந்த ஸ்டடி ரூம்கள். லைப்ரரி என்று பலகை இருக்கும், உள்ளே ஒரு புத்தகமும் இருக்காது. நான் போனது ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி. எண்பது இருக்கைகள். ஒவ்வொன்றையும் மூன்று பக்கமும் பிளைவுட் தடுப்பு மறைத்திருக்கும். ஒரு சின்ன விளக்கு, ஒரு பிளக் பாயின்ட், ஓர் எண். அவ்வளவுதான். காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை. மாதம் 1,300, ஏசி வேண்டுமென்றால் 1,800.

நான் முதலில் பார்த்தது இருக்கையை அல்ல, கழிவறையை. பெண்களுக்குத் தனியாக இருக்கிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா, தண்ணீர் வருகிறதா. எந்த இடத்துக்குப் போனாலும் இதுதான் என் முதல் கேள்வி. இது சரியில்லாமல் மற்ற எல்லாம் இருந்தும் பிரயோசனமில்லை. தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்து தலைவலி வாங்கிக்கொண்ட அனுபவம் எனக்கு உண்டு. இங்கே எல்லாம் சரியாக இருந்தன, பெண்களுக்குத் தனி வரிசையும் இருந்தது. இரண்டாவதாகக் கேமரா. மேலே நான்கு மூலையிலும் கேமரா வைத்திருந்தார்கள். மேற்பார்வையாளரின் திரையை எட்டிப் பார்த்து, என் மடிக்கணினித் திரை எந்தக் கேமராவிலும் படியாத இருக்கையாக 47ஐக் கேட்டு வாங்கினேன். அவர் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா என்று கேட்டேன், உண்டு. வைஃபை கடவுச்சொல்லைக் கொடுக்க வந்தார், வேண்டாம் என்றேன். சொற்களஞ்சியம், அகராதி எல்லாம் கணினியிலேயே இருக்கின்றன; முடித்த கோப்பை அனுப்ப மட்டும்தான் எனக்கு இணையம் வேண்டும்.

நாற்காலி பிளாஸ்டிக். அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டிலிருந்து ஒரு தலையணை கொண்டுபோனேன்.

2025 ஜனவரிக் கடைசியில் சேர்ந்தேன். அல்சூரில் ஏறினால் விஜயநகரில்தான் இறங்க வேண்டும், நடுவில் மாற வேண்டியதில்லை, இரண்டும் ஊதா வழித்தடம். அரை மணிக்குள் போய்விடலாம். நான் சேர்ந்த கையோடு, பிப்ரவரி 9ஆம் தேதி மெட்ரோ கட்டணம் ஏறியது. உச்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ஆனது. எனக்கும் போக வர ஏறக்குறைய நூறு. மாதம் 22 நாள் என்றால் 2,200, இருக்கைக்கு 1,300, ஆக 3,500. வேலை செய்யும் இடத்துக்கு வாடகையைவிடப் போக்குவரத்து அதிகமா என்று கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

பதில் உடனே கிடைக்கவில்லை. முதல் வாரம் படு மோசம். மேசையில் உட்கார்ந்ததும் எனக்குக் கை ஓடவில்லை. எண்பது பேர் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்கும் ஓர் அறையில், என்னை யாரும் கூப்பிடவில்லை. இதைத்தானே கேட்டேன்? பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கைப்பேசியைத் திருப்பிப் பார்த்தேன். மூன்றாம் நாள் படிக்கட்டுக்கு வந்து நானே வீட்டுக்குப் போன் செய்து, "அத்தை, டேங்கர் வந்துச்சா?" என்று கேட்டேன். "வந்துச்சு, போயிடுச்சு, வாட்ச்மேன் திறந்துவிட்டான். நீ எதுக்கு இப்ப போன் பண்றே?" என்றார். எட்டு வருடமாக நான் இல்லாவிட்டால் திறக்காது என்று நினைத்திருந்த சம்ப் மூடி, இரண்டே நிமிடத்தில் திறந்திருக்கிறது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் அவமானமாக இருந்தது.

உண்மையைச் சொன்னால், கடினமான வாக்கியம் வரும்போதெல்லாம் காலிங் பெல் அடிக்காதா என்று நான் காத்திருந்த நாள்களும் உண்டு. 173 கோடுகளில் எத்தனைக்கு நான் சந்தோஷமாக எழுந்தேன் என்பதை நோட்டில் குறிக்கவில்லை. இங்கே எழுந்து போக ஒரு சாக்கும் இல்லை. எதிர்த் தடுப்பில் ஒரு பெண் பென்சிலால் தலையைச் சொறிந்துகொண்டு அதே பக்கத்தை நாற்பது நிமிடமாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் எழுந்திருக்கவில்லை, நான் எப்படி எழுந்திருப்பது?

இரண்டாம் வாரம் பழகிவிட்டது. காலை ஒன்பதரையிலிருந்து இரண்டு வரை நாலரை மணி நேரத்தில் 1,900 சொற்கள் ஓடுகின்றன. வீட்டில் செய்ததைவிடக் கூடுதலாக 700. சொல்லுக்கு ஒன்றரை ரூபாய் என்று வைத்தாலும் நாளைக்கு 1,050. கணவருக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன், அதற்குப் பிறகு மெட்ரோவைப் பற்றி அவர் பேசவில்லை. போன் பேசுவது, பில் அனுப்புவது, மின்னஞ்சலுக்குப் பதில் போடுவது எல்லாம் மதியம் வீட்டில், குக்கர் விசிலுக்கு நடுவில். அந்த வேலைகளுக்கு விசில் ஒன்றும் குறுக்கே வரவில்லை. எல்லா வேலைக்கும் ஒரே இடம் தேடியது என் தப்பு. உள்ளே ஆழமாக இறங்கும் நாலு மணி நேரத்துக்கு மட்டும் இடம் தேடியிருந்தால் எட்டு வருடத்தில் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

அந்த இடத்தில் பேச்சே இல்லை என்று சொல்ல முடியாது. படிக்கட்டில் நின்று பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். மைசூர் மாநிலம் கர்நாடகம் ஆனது எப்போது, 1973 நவம்பர் 1. டீ குடிக்கப் போகும்போதெல்லாம் காதில் விழுந்து, இப்போது என் மகனுக்கு நானே பாடம் நடத்துகிறேன். உள்ளே வந்தால் அது நின்றுவிடும்.

நான் எதிர்பார்க்காதது வீட்டில் நடந்தது. சேர்ந்து பத்து நாள் இருக்கும். காலையில் கிளம்பும்போது பையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினேன். அத்தை சமையலறையிலிருந்து டிபன் பாக்ஸோடு வந்தார். புளியோதரை, ஓரத்தில் இரண்டு வடாம். கணவருக்குக் கட்டும் அதே பெட்டி, அதே துணிப்பை. "வேலைக்குப் போறவ, பதினோரு மணிக்கு வெறும் டீயைக் குடிச்சிட்டு உக்காந்திருக்காதே" என்றார். ஜன்னலோரம் உட்கார்ந்து நான் செய்ததும் இதே படிவங்கள்தான், இதே மடிக்கணினிதான். ஆனால் செருப்பு மாட்டினால்தான் அது வேலை. இதை நினைத்து அன்று மெட்ரோவில் கொஞ்சம் கோபப்பட்டேன். மதியம் புளியோதரையைச் சாப்பிட்டதும் கோபம் போய்விட்டது.

இப்போது மூன்றாம் மாடிக்காரரின் பார்சலை வாட்ச்மேன் வாங்கி வைக்கிறார். எனக்கு வரும் பார்சலையும்தான்.

ஸ்டடி ரூமில் மாதா மாதம் பணம் கட்டும்போது ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். பெயர், போன் நம்பர், இருக்கை எண், கடைசிக் கட்டத்தில் எந்தத் தேர்வு என்பது. முதல் மாதம் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். "யாவ எக்ஸாம் மேடம்?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். எந்தத் தேர்வும் இல்லை, சொந்த வேலை என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் விளக்கினேன். வாடிக்கையாளர், படிவம், மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்துவிட்டு அந்தக் கட்டத்தில் கேஏஎஸ் என்று அவரே எழுதினார். கர்நாடக ஆட்சிப் பணி. அதற்கான வயது வரம்பை நான் தாண்டி எத்தனையோ வருடமாகிறது. போன வாரம் இந்த மாதப் பணத்தைக் கட்டினேன். கேஏஎஸ் என்று எழுதிவிட்டு ரசீதைக் கிழித்துக் கொடுத்தபடி, "ஈ சல ஆகத்தே மேடம்" என்றார். இந்த முறை ஆகிவிடுமாம். தேங்க்ஸ் சொல்லிவிட்டு 47க்குப் போனேன்.